பணிச்சீட்டுகளைத் திரட்டும் கருவி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியச் சுவை பருகி வந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்களை அழைத்து, "மென்பொருள் தொழிலில் இருக்கும் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். வீட்டில் கேட்டால் 'உங்களுக்குப் புரியாது' என்று சொல்லிவிடுகிறீர்களாம், பெற்றோர் குறைப்படுகிறார்கள்" என்றார். குறை நியாயமானதே. இரவு ஒன்பதரை மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் யாரோடு பேசுகிறோம் என்று தாய்மார்கள் ஐயுறுவதும் இயல்பே. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோடைக்காலத்தில் அப்பொழுது காலை ஒன்பது மணி. அங்கே அலுவலகம் திறக்கும் நேரம், இங்கே சோறு ஆறும் நேரம்.

தொழில் முழுவதையும் விரித்துரைக்க இயலாது. ஆகையால் மிகச் சிறிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். எங்கள் குழு செய்த ஒரு சிறு கருவி. குழுவினர் இரு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலைகளை ஒரு மென்பொருள் ஏட்டிலிருந்து திரட்டிப் பட்டியலாகத் தருவது அதன் தொழில். நூறு வரிக்குள் அடங்கியது. எனினும் அதனால் ஒரு பெண்ணின் ஓராண்டு ஊதிய உயர்வு போயிற்று. அதைச் சொல்லவே வந்தோம்.

இக்குடியிருப்பில் உள்ள மூத்தோர் பலர் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். 1940இல் தோன்றிய விமானத் தொழிற்சாலை, 1948இல் தோன்றிய தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக இந்நகரில் எழுந்த ஆலைகள் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறிட்டன. அவர்களுக்கு 'ஜாப் கார்டு' என்றால் விளக்க வேண்டியதில்லை. எந்த உறுப்பைக் கடைய வேண்டும், எத்தனை வேண்டும், யார் கடைந்தார், எப்பொழுது முடிந்தது என்பவை எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். எங்கள் தொழிலிலும் அதே அட்டைதான். தாளில் இல்லை, கணிப்பொறித் திரையில் இருக்கிறது என்பதே வேற்றுமை. நாங்கள் அதனை 'டிக்கெட்' என்போம். இவ்வுரையில் பணிச்சீட்டு என்று சொல்லுவோம்.

இச்சீட்டுகளை எல்லாம் வைத்துக் காக்கும் மென்பொருள்கள் பல. எங்கள் அலுவலகத்தில் உள்ளது 'ஜிரா'. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கல்லூரித் தோழர்களாகிய மைக் கேனன்-புரூக்ஸ், ஸ்காட் ஃபார்க்கர் என்னும் இருவர் 2002இல் தொடங்கிய அட்லாசியன் நிறுவனத்தின் படைப்பு அது. பெயர்க் காரணம் வேடிக்கையானது. பிழைகளைப் பதிய அவர்கள் முன்பு 'பக்ஜில்லா' என்ற வேறொரு மென்பொருளைப் பயன்படுத்தி வந்தனர். அது காட்ஜில்லா என்ற திரைப்பட அசுரனை நினைவூட்டவே, அவ்வசுரனின் ஜப்பானியப் பெயராகிய 'கோஜிரா'வை எடுத்து, தலையை வெட்டிவிட்டு 'ஜிரா' என்று சூட்டினர். நாள்தோறும் காலையில் அசுரன் முகத்தில் விழித்தே எங்கள் வேலை தொடங்குகிறது. அந்நிறுவனம் 2018இல் நம் பெங்களூருவிலேயே ஓர் ஆய்வு நடுவத்தையும் திறந்தது.

அடுத்து, 'ஸ்பிரிண்ட்' என்ற சொல். ஓட்டப் பந்தயத்தில் குறுந்தொலைவை முழு விசையோடு ஓடிக் கடப்பதே அச்சொல்லின் பொருள். எங்கள் தொழிலில் ஒரு மாதத்திற்கு மேற்படாத, பெரும்பாலும் இரு வார அளவுடைய பணிக் காலத்தை அப்படி அழைக்கிறோம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1986இல் டக்கேவூச்சி, நோனாக்கா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினர். புதிய பொருளை ஆக்கும் குழு, அஞ்சல் ஓட்டக்காரர் போல ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கோலை மாற்றிக்கொண்டு ஓடாமல், ரக்பி ஆட்டக்காரர் போல ஒன்றாகத் திரண்டு முன்னேற வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அவ்வாட்டத்தில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் நிலைக்கு 'ஸ்கிரம்' என்று பெயர். ஜெஃப் சதர்லாண்டு, கென் ஷ்வேபர் என்ற இருவர் அதே பெயரில் ஒரு பணிமுறையை வகுத்து 1995இல் அமெரிக்க மாநாடு ஒன்றில் முன்வைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து மலையிடம் ஒன்றில் அவ்விருவர் உள்ளிட்ட பதினேழு பேர் கூடி வெளியிட்ட அறிக்கையின் பின், இத்தகைய முறைகள் உலகெங்கும் பரவின.

இதில் ஒரு செய்தியைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம். ஸ்பிரிண்டின் தொடக்கத்தில் குழு எடுத்துக்கொள்ளும் வேலைகளை முதலில் 'வாக்குறுதி' என்னும் பொருளுடைய சொல்லால் குறித்து வந்தனர். 2011இல் அம்முறையின் கையேட்டைத் திருத்தியபொழுது அச்சொல்லை நீக்கி, 'முன்கணிப்பு' என்னும் பொருளுடைய சொல்லை வைத்தனர். மழை வரும் என்று வானிலையார் சொல்வது போன்றதுதான் அது. எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் அன்று. கையேட்டில் சொல் மாறிப் பல ஆண்டுகள் ஆயின. அலுவலகங்களில் மனம் மாறியதா என்றால், இரவு பத்து மணிக்கும் மேசையை விட்டு எழாத உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்.

இனிக் கருவிக்கு வருவோம்.

எங்கள் குழுவில் அப்பொழுது பதினொருவர். தமிழர் மூவர், கன்னடர் நால்வர்; மலையாளம், தெலுங்கு, இந்தி, வங்காளம் பேசுவோர் மற்றவர். திங்கட்கிழமைதோறும் மேலாளருக்கு ஒரு பட்டியல் போக வேண்டும். யார் பேரில் எந்தச் சீட்டு உள்ளது, அது தொடங்கியதா, நடக்கிறதா, முடிந்ததா என்று காட்ட வேண்டும். ஜிராவின் திரையிலேயே இவையெல்லாம் உண்டே, பின் எதற்குத் தனிப் பட்டியல் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். தமக்குக் கணக்குத் தாளில் வரிவரியாக வந்தால்தான் படிக்க முடியும் என்றார் மேலாளர். மேலிடத்தில் உள்ளவர் எந்தக் கண்ணாடி வழியே பார்க்க விரும்புகிறாரோ அந்தக் கண்ணாடியைத் துடைத்து வைப்பதும் ஊழியத்தில் ஒரு பகுதியாகிவிட்டது.

இந்த வேலை புதிதாக வந்த ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். தந்தை ஓசூரில் ஓர் ஆலைத் தொழிலாளி. திரையில் ஒவ்வொரு சீட்டாகத் திறந்து எண்ணையும் தலைப்பையும் பார்த்துத் தாளில் எழுதி, மீண்டும் சரிபார்க்க அவருக்குத் திங்கட்கிழமை முற்பகல் முழுவதும் போய்விடும். அதைக் கண்டு இரங்கி, ஒரு சனி ஞாயிறில் நாங்கள் அக்கருவியைச் செய்தோம். இரக்கத்தில் பிறந்த கருவி என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்னால் நடந்ததைக் கேட்கும்பொழுது இதை நினைவிற் கொள்ளுங்கள்.

அது எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது சொல்லுவோம். ஜிராவுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. மனிதர் நுழையும் முன்வாயில் வண்ணத் திரை. மற்றொரு மென்பொருள் வந்து கேட்பதற்கென்று பின்புறம் ஒரு வாயில் உண்டு, அதனை ஏ.பி.ஐ. என்பர். அங்கே வாயிற்காவல் கடுமையானது. டோக்கன் காட்டினால்தான் உள்ளே விடுவர். ஆலை வாயிலில் எண் பொறித்த பித்தளை டோக்கனைக் காட்டி நுழைந்த பெரியோர்களுக்கு இது புதிதன்று. எங்கள் டோக்கன் நீண்ட எழுத்துக்கோவை, அவ்வளவே. அதனைக் கருவியின் வரிகளுக்கு உள்ளேயே எழுதி வைத்துவிடுவது சோம்பேறிகள் செய்யும் பெரும் பிழை. வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் போவதற்கு அது சமம். நாங்கள் அந்தப் பிழையைச் செய்யவில்லை. வேறு பிழை செய்தோம்.

உள்ளே சென்ற கருவி ஒரு கேள்வியை நீட்டும். அக்கேள்விக்கென ஜிராவில் தனி மொழியே உண்டு. "இப்பொழுது நடந்துகொண்டிருக்கும் ஸ்பிரிண்டில் உள்ள சீட்டுகளை எல்லாம், முதன்மை வரிசைப்படி தருக" என்பதே எங்கள் கேள்வி. விடையாக வரும் சீட்டுகளை வரிசையாக அடுக்கி, கணக்குத் தாளாக்கி, மின்னஞ்சலில் அனுப்பிவிடும். முற்பகல் முழுதும் எடுத்த வேலை பத்து நொடியில் முடிந்தது. முதல் திங்களன்று அப்பெண் மகிழ்ந்து குழுவினர் அனைவர்க்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார்.

கருவிக்குப் பெயர் வைத்ததிலும் ஒரு சுவை. கன்னட நண்பர் 'பட்டி' என்று வைக்கலாம் என்றார். கன்னடத்தில் பட்டி என்றால் பட்டியல். எங்களுக்கோ சிரிப்பு வந்தது. தமிழில் பட்டி என்றால் ஆடு மாடுகளை அடைக்கும் இடம் அன்றோ! சொன்னவுடன் அவரும் சிரித்தார். ஆனால் மாலையில் மேய்ச்சல் நிலத்தில் சிதறிக் கிடப்பவற்றை எல்லாம் ஓட்டிவந்து ஓரிடத்தில் அடைப்பதுதானே கருவியின் வேலையும்? இரு மொழியிலும் பொருந்துகிறதே என்று அப்பெயரையே வைத்துவிட்டோம். ஓட்டி வந்தவற்றை எண்ணிப் பார்க்க மட்டும் மறந்தோம்.

கருவியைச் செய்தபொழுது ஸ்பிரிண்டில் 41 சீட்டுகள் இருந்தன. நாற்பத்தொன்றும் வந்தன. மனநிறைவோடு விட்டுவிட்டோம். சில திங்கள் கழித்து வேறொரு குழுவிலிருந்து நால்வர் எங்களோடு சேர்க்கப்பட்டனர். வேலையும் கூடியது. அதன்பின் வந்த ஸ்பிரிண்டுகளில் 54, 58, 63 என்று சீட்டுகள் பெருகின. பட்டியல் திங்கள்தோறும் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அரையாண்டு மதிப்பீடு வந்தது. மேலாளர் கணக்குத் தாள்களை முன்னே வைத்துக்கொண்டு ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதினார். அப்பெண்ணைப் பற்றி, அண்மைக் காலத்தில் பங்களிப்பு மிகக் குறைவு என்று எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. அவர் முன் இருந்த மூன்று தாள்களிலும் அப்பெண்ணின் பெயர் ஓரிடத்தும் இல்லை.

அப்பெண் யாரிடமும் முறையிடவில்லை. மதிப்பீடு முடிந்து ஒரு வாரம் சென்று, தேநீர் குடிக்கும் நேரத்தில் எங்களுள் ஒருவரிடம் வந்து, "அண்ணா, ஒரு வேலை எவ்வளவு பெரிதாக இருந்தால் அந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டார்.

முதலில் கேள்வியே விளங்கவில்லை. பின்பு மெல்லக் கேட்டபொழுது விளங்கியது. தம் சீட்டுகள் பட்டியலில் வராததை அவர் முதல் வாரத்திலேயே கண்டிருக்கிறார். தாம் செய்பவை சிறு வேலைகள், ஆகவே அவற்றைச் சேர்க்காமல் விடுவதுதான் முறை போலும் என்று எண்ணியிருக்கிறார். மூத்தவர்கள் செய்த கருவி தவறாக இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு எழவில்லை. கேட்டால் புதியவள் பெருமைக்கு அலைகிறாள் என்பார்களோ என்ற கூச்சமும் இருந்தது. சிற்றூரிலிருந்து பெருநகருக்கு வேலைக்கு வரும் நம் பெண்கள் பலரிடம் இந்த அடக்கத்தைக் கண்டிருக்கிறோம். இதனைப் பண்பு என்று மேடையில் புகழ்ந்திருக்கிறோம். அன்று அதன் விலை என்னவென்று கண்ணெதிரே கண்டோம்.

தம் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துக் காட்டினார். செய்த வேலையை அன்றன்றே எழுதி வை என்று தந்தை சொல்லி அனுப்பினாராம். ஆலையில் அவருக்கு அந்தப் பழக்கம். நாள், சீட்டு எண், செய்தது என்ன என்று மூன்று பத்தியாக எழுதியிருந்தார். அந்த மூன்று ஸ்பிரிண்டுகளில் முறையே நான்கு, ஆறு, ஒன்பது. ஆக 19 சீட்டுகள். அவற்றுள் 17 முடிந்தவை. எஞ்சிய இரண்டும் வாடிக்கையாளரின் விடைக்காகக் காத்திருந்தவை. ஜிராவைத் திறந்து ஒப்பிட்டோம். ஒன்றுகூடத் தவறில்லை, பத்தொன்பதும் அங்கே இருந்தன.

அப்படியாயின் பட்டி என்ன செய்தது? பழைய மூன்று தாள்களையும் எடுத்து வரிகளை எண்ணினோம். முதல் தாளில் 50, இரண்டாவதில் 50, மூன்றாவதிலும் 50. ஒரு குழுவின் வேலை மும்முறையும் மாறாது ஐம்பது என்றே வந்து நிற்குமா? தலையில் இடி விழுந்தது போலாயிற்று.

நடந்தது இதுதான். அந்தப் பின்வாயில், கேட்பவர் வேறு ஏதும் சொல்லாவிட்டால், ஒரு முறைக்கு 50 சீட்டுகளையே தரும். ஆயிரக்கணக்கான சீட்டுகளை ஒரே மூச்சில் கேட்டுப் பொறியைத் திணறடிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. தந்தவற்றோடு 'மொத்தம் இத்தனை உள்ளன' என்ற எண்ணையும் சேர்த்தே அந்நாளில் அனுப்பிவந்தது. மீதி வேண்டுமாயின், ஐம்பத்தொன்றாவதிலிருந்து தருக என்று மறுபடி கேட்க வேண்டும். இவையெல்லாம் அதன் விளக்க ஏட்டில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. நாங்கள் படிக்கவில்லை. 41 வந்தபொழுது எல்லாம் வந்துவிட்டன என்று கண்டோமே, அதுவே எங்களை ஏமாற்றிய காட்சி. கருவி தவறியபொழுது கூச்சலிட்டிருந்தால் அன்றே திருத்தியிருப்போம். அது முகமலர்ச்சியோடு குறைத்துக் கொடுத்தது.

அப்படியாயினும், விடுபட்டவை ஏன் அப்பெண்ணுடையவையாகவே இருக்க வேண்டும்? இங்கேதான் மனம் வருந்துகிறது. முதன்மை வரிசைப்படி தருக என்று கேட்டோம் அல்லவா? முதன்மையான வேலைகள் மேலே நிற்கும். அவை மூத்தவர்கள் கையில் இருக்கும். புதிதாக எழுதப்படும் சீட்டு, யாரும் மேலே தூக்கி வைக்காத வரை வரிசையின் அடியில் போய் நிற்கும். புதியவருக்குக் கொடுக்கப்படும் சிறு திருத்தங்கள் எல்லாம் அந்த அடிப்பகுதியைச் சேர்ந்தவை. ஆகவே ஐம்பதோடு அறுத்தால், அறுபடுவது கடைசியில் வந்தவரின் உழைப்பே. மூன்று ஸ்பிரிண்டிலும் விடுபட்டவை மொத்தம் 25. அவற்றில் ஆறு மற்றவர்களுடையவை. அவர்களுக்கு மேலே வேறு சீட்டுகள் இருந்தபடியால் குறை தெரியவில்லை. அப்பெண்ணுக்கு இருந்தவை அத்தனையும் கீழே இருந்தன.

அன்றைக்கே மேலாளரிடம் போய், பிழை எங்களுடையது என்று சொன்னோம். நோட்டையும் காட்டினோம். அவர் நல்லவர், முகம் வாடிவிட்டது. மதிப்பீட்டுக் குறிப்பைத் திருத்த மேலிடத்திற்கு எழுதினார். குறிப்பைத் திருத்தினார்கள். ஆனால் அவ்வாண்டின் ஊதிய உயர்வுக் கணக்கு மூடப்பட்டுவிட்டது, இனித் திறக்க வழியில்லை என்று விடை வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை, சொல்லுவது முறையுமன்று. அடுத்த ஆண்டு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த ஆண்டு வருமுன் அவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை, புறப்படும் நாளிலும் மைசூர்பாகு கொடுத்தே போனார். அதை உண்ண எங்களுக்குத் தொண்டை இடம் கொடுக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை நம் குடியிருப்பில் ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தோம். தொலைபேசித் தொழிற்சாலையில் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும், "கட்டின் மேலே தொகை எழுதமாட்டீர்களா?" என்றார். விளங்கவில்லை என்றோம். ஜாப் கார்டுக் கட்டு ஒன்றை ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும்பொழுது மேல் அட்டையில் 'இத்தனை' என்று எழுதி அனுப்புவார்களாம். பெறுபவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டுத்தான் வாங்குவார். குறைந்தால் வாங்கமாட்டார். அருகில் இருந்த அம்மையார் ஒருவர், "இதற்கு ஆலை எதற்கு? சலவைக்குத் துணி போட்டால் நாங்கள் நோட்டில் எண்ணி எழுதுவதில்லையா?" என்றார். பெரிய பெரிய பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் வாய் திறக்கவில்லை.

மறுநாளே கருவியைத் திருத்தினோம். வந்தவற்றை எண்ணும், மொத்தத்தோடு ஒப்பிடும், குறைந்தால் விட்ட இடத்திலிருந்து மீண்டும் கேட்கும், கடைசி வரை கேட்டும் எண் பொருந்தாவிட்டால் பட்டியலை அனுப்பவே அனுப்பாது. அனுப்பும் தாளின் அடியில் '63இல் 63' என்று அச்சிடும். மேலாளர் இப்பொழுதெல்லாம் முதலில் அந்த அடிவரியைத்தான் பார்க்கிறார்.

இத்துடன் சிக்கல் தீர்ந்ததா எனின், இல்லை. தோண்டத் தோண்ட வேறு குறைகள் புலப்பட்டன. ஒரு ஸ்பிரிண்டில் முடியாத சீட்டு அடுத்ததற்குப் போனால், அதன் மேல் இரண்டு ஸ்பிரிண்டுகளின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். கவனமின்றிக் கூட்டினால் ஒரே வேலை இரு முறை கணக்கில் ஏறும். டோக்கன் யாருடையதோ அவருக்குப் பார்க்க உரிமையுள்ள சீட்டுகளே வரும். மறைத்து வைக்கப்பட்டவை இருப்பதாகவே தெரியாது. 2025இல் அட்லாசியன் நிறுவனம் தன் இணையப் பதிப்பில் பழைய தேடல் வழியை மூடத் தொடங்கிப் புதிய வழி திறந்தது. அவ்வழியில் மொத்த எண்ணிக்கை வருவதில்லை. அடுத்த பக்கத்திற்கு ஒரு குறிச்சீட்டு மட்டும் வரும். அது வராமல் நிற்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கையைத் தனியே கேட்கலாம். கிடைப்பது தோராயமான எண்ணே. ஆகையால் கட்டின் மேல் எழுதும் தொகைக்கு நாங்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இப்பொழுது ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனியே கேட்டு எண்ணி, யார் பேரிலும் இல்லாத சீட்டுகளையும் தனியே எண்ணி, அவற்றைக் கூட்டி, மொத்தமாகக் கேட்டுத் திரட்டியதோடு ஒப்பிடுகிறோம். இரு வழியில் எண்ணி ஒன்றாக வந்தால் நம்புகிறோம்.

எந்தத் திருத்தத்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. ஜிராவின் சீட்டில் பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒருவர் பெயரையே எழுத முடியும். அருகில் அமர்ந்து வழி காட்டியவர், இரவில் எழுதிய வரிகளைப் படித்துப் பிழை கண்டவர், புதியவருக்கு மூன்று மணி நேரம் கற்பித்தவர் ஆகியோர் பெயர் அங்கே ஏறுவதில்லை. எங்கள் குழுவில் மூத்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவர் பேரில் சீட்டுகள் எப்பொழுதும் குறைவு. அவர் விடுப்பில் போனால் அந்த வாரம் எல்லார் சீட்டுகளும் நின்றுவிடும். இதை எந்தக் கேள்வி மொழியில் கேட்டுப் பெறுவது? பட்டியலின் அடியில் 'துணை நின்றோர்' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். அதைக் கருவி நிரப்பாது. வெள்ளிக்கிழமை மாலை நாங்களே பேசி எழுதுகிறோம். சில வாரம் மறந்துவிடுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர் பலர் இவ்வாண்டு முதன்முதலாக வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்காக அந்த நோட்டைப் பற்றி மட்டும் மீண்டும் சொல்லுகிறோம். விலை முப்பது நாற்பது ரூபாய். சட்டைப் பையில் அடங்கும். அன்று ஒரு பெண்ணின் பக்கம் நின்ற சான்று அது ஒன்றே. எங்கள் குழுவில் இப்பொழுது ஆறு பேர் வைத்திருக்கிறார்கள். கன்னட நண்பர் கன்னடத்தில் எழுதுகிறார்.

அப்பெண் இப்பொழுது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறார். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பின், சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் வாடும் துன்பம் தீர்ந்தது என்று செய்தி அனுப்பியிருந்தார். அங்கும் திங்கட்கிழமைப் பட்டியல் உண்டாம். அதனைத் திரட்டும் கருவியை அவரே எழுதியிருக்கிறார். எங்களிடம் ஒரே ஓர் ஐயம் கேட்டார்: தோராய எண்ணிக்கையை நம்பலாமா என்று. நம்பவேண்டாம் என்று எழுதினோம்.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. எங்களுக்குப் புதிய ஸ்பிரிண்டு தொடங்குகிறது. அதில் 57 சீட்டுகள். விழாவுக்குப் புறப்படுமுன் இரு வழியிலும் எண்ணிப் பார்த்துவிட்டே வந்தோம்.